கோயிலில் ஆடத் தடை, உலக மேடைகளில் கைதட்டல்: யார் இந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதி?

கடற்கரை. பின்னால் அலை அடிக்கிறது. காற்று பலமாக வீசுகிறது, புடவை பறக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி கண்ணனை அழைத்து ஆடுகிறார். கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் சத்யஜித் ராய்.

1976ல் வெளியான 'பாலா' என்ற ஆவணப்படத்தில் வரும் காட்சி இது. சுமார் அரை மணி நேரம் ஓடும் இந்தப் படத்தின் நாயகி, தஞ்சாவூர் பாலசரஸ்வதி. பரதநாட்டியத்தைப் பற்றிப் பேசும் எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனாலும் நாட்டியம் கற்றுக்கொள்ளும் குழந்தைகள் பலருக்கே இவரது பெயர் தெரியாது என்பதுதான் நிலைமை.

பரதநாட்டியம் யாருடைய கலை, அதை உருவாக்கி வளர்த்தவர்கள் யார், அவர்கள் ஏன் மேடையில் இருந்து காணாமல் போனார்கள் என்ற கேள்விகள் சில ஆண்டுகளாகவே சூடாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் கடைசியில் வந்து சேரும் பெயர் பாலசரஸ்வதி. அவரது வாழ்க்கையையும், அதோடு பின்னிக்கிடக்கும் சட்டத்தையும், சர்ச்சையையும் பார்ப்போம்.

பிறந்தது சென்னை, பெயரில் தஞ்சாவூர்! ஏன்?

பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி சென்னையில் பிறந்தார். பெயருக்கு முன்னால் வரும் 'டி' என்ற இனிஷியல் அப்பா பெயர் கிடையாது. அது தஞ்சாவூரைக் குறிக்கிறது. தஞ்சை அரண்மனையில் பாடியும் ஆடியும் வந்த பெண்களின் வழியில் இவர் ஏழாவது தலைமுறை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த பாப்பம்மாள் என்பவரில் இருந்து இந்தக் கணக்கு தொடங்குகிறது. தாய் வழியாகத்தான் வம்சம், தாய் வழியாகத்தான் சொத்து, தாய் வழியாகத்தான் வித்தை. இது தேவதாசி மரபுக் குடும்பங்களின் வழக்கம்.

பாட்டி யார் தெரியுமா? வீணை தனம்மாள். கர்நாடக இசை உலகில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. சத்தம் கேட்டால் வாசிப்பு நின்றுவிடும். பிற்காலத்தில் பார்வை போன பிறகும் அந்த வெள்ளிக்கிழமைகள் நிற்கவில்லை.

தனம்மாளின் மகள் ஜெயம்மாள் பாடகி. அவர்தான் பாலாவின் தாய். சித்தி மகள்களான பிருந்தாவும் முக்தாவும் பின்னாளில் பதம், ஜாவளி பாடுவதில் தனி முத்திரை பதித்தவர்கள். தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். ஒரே வீட்டில் இவ்வளவு பேர். அந்த வீட்டில் தூங்கி எழுந்தாலே பாட்டு காதில் விழும்.

ஆனால் நாட்டியம்? அதுதான் சிக்கல்.

'இந்தப் பெண்ணுக்கு நாட்டியம் வேண்டாம்'

பாலா குழந்தையாக இருந்தபோது மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்தார். கபாலீஸ்வரர் கோயிலோடு பிணைந்திருந்த கலைஞர் கௌரி அம்மாள். பார்த்த நாளில் இருந்து வீட்டில் ஒரே பிடிவாதம், 'நானும் ஆடணும்'.

வீட்டில் எளிதில் சம்மதிக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 1920களில் சதிர் ஆடும் பெண் என்றாலே நகரத்துப் படித்தவர்கள் முகம் சுளிக்கும் காலம். பாட்டு பாடினால் மரியாதை, ஆடினால் ஏச்சு. தன் பேத்தி அந்த ஏச்சைக் கேட்க வேண்டுமா என்ற தயக்கம் தனம்மாளுக்கு இருந்தது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்றவர்கள் குழந்தையின் ஆர்வத்துக்கு ஆதரவாகப் பேசினார்கள். ஜெயம்மாள் துணிந்து முடிவெடுத்தார்.

குருவாக வந்தவர் கந்தப்பப் பிள்ளை. நாட்டியக் கச்சேரிக்கு இன்று இருக்கும் வரிசையை அமைத்துக் கொடுத்தவர்களாகச் சொல்லப்படும் தஞ்சை நால்வரின் பரம்பரையில் வந்த நட்டுவனார். கண்டிப்புக்குப் பேர்போனவர். அடவு சரியாக வரும்வரை விடமாட்டார். 1925ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது.

பிறகு அதே கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றார். எந்தப் பெண்ணைப் பார்த்து ஆட ஆசை வந்ததோ, அவரே ஆசிரியராகவும் அமைந்தார்.

சதிர் என்றால் என்ன? பரதநாட்டியம் என்று பெயர் வந்தது எப்படி?

இங்கே கொஞ்சம் நின்று பின்னணியைப் பார்த்துவிடலாம். இது தெரியாமல் பாலாவின் கதை பாதிதான் புரியும்.

இன்று நாம் பரதநாட்டியம் என்று சொல்லும் ஆட்டத்துக்கு அன்றைக்குப் பரவலாக இருந்த பெயர் சதிர். சின்னமேளம் என்றும் சொல்வார்கள். நாதஸ்வரம், தவில் கோஷ்டிக்குப் பெரிய மேளம் என்று பெயர், ஆட்டக் கோஷ்டிக்குச் சின்னமேளம். கோயில், அரண்மனை, பெரிய மனிதர்கள் வீட்டுக் கல்யாணம் என்று எல்லா இடத்திலும் ஆடுவார்கள். நட்டுவனாரும் மேளக்காரர்களும் பின்னால் நின்றபடியே வாசிப்பார்கள்.

கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள் தேவதாசிகள். அவர்களுக்குக் கோயிலில் இருந்து மானிய நிலம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற பெண்களுக்கு இல்லாத படிப்பும், சொத்துரிமையும் அவர்களில் பலருக்கு இருந்தது. மறுபக்கம், சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் பொட்டுக் கட்டப்பட்டுப் பணக்காரர்களின் ஆசைக்கு இரையாக்கப்பட்ட கொடுமையும் நடந்தது. இரண்டுமே உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றை மறைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், இரண்டு தரப்பிலும்.

இந்தக் கொடுமையை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று சட்டமன்ற மேலவையில் குரல் கொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இவரது தாய் சந்திரம்மாளும் இதே மரபில் பிறந்தவர்தான். 1929ல் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தம், கோயிலில் ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற நிபந்தனையில் இருந்து தேவதாசிகளை விடுவிக்க வழி செய்தது. அதாவது ஊழியத்தை விட்டாலும் நிலம் கையை விட்டுப் போகாது. தஞ்சை மாவட்டத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தானே அந்தக் குடும்பத்தில் பிறந்தவராக இருந்தும், ஊர் ஊராகப் போய் இந்த முறைக்கு எதிராகப் பேசினார். 1936ல் இதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார்.

எதிர்ப்பும் இருந்தது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள், 'எங்கள் எல்லோரையும் ஒரே வார்த்தையில் விலைமகளிர் என்று சொல்லாதீர்கள்' என்ற பொருளில் அரசுக்கு மனு கொடுத்தார்கள். மூவலூர் அம்மையாரும் பெண், நாகரத்தினம்மாளும் பெண். இருவருமே உள்ளே இருந்து பேசியவர்கள். முடிவு மட்டும் நேர் எதிர்.

இன்னொரு பக்கம் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர். பெண் வேடம் போட்டுச் சதிர் ஆடிக் காட்டிய மனிதர் இவர்! ஆட்டத்தை ஏன் ஒழிக்க வேண்டும், அது கலை இல்லையா என்று கேட்டார். 1932ல் இவருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் நடந்த வாக்குவாதம் பத்திரிகைகளில் வெளிவந்தது. சென்னை மியூசிக் அகாடமி மேடையில் 1931ல் கல்யாணியின் மகள்களை ஆட வைத்தார்கள். 1933ல் அதே அகாடமியில் பாலசரஸ்வதியும் ஆடினார். இந்தக் காலகட்டத்தில்தான் சதிர் என்ற பெயர் மெல்ல மெல்லக் கழன்று, பரதநாட்டியம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் மாறினால் போதுமா? ஆடுபவர்களும் மாறத் தொடங்கினார்கள்.

ருக்மிணி தேவி வருகை

கல்யாணியின் மகள்கள் ஆடியதைப் பார்த்து ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல். அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து வெளிநாட்டவரான ஜார்ஜ் அருண்டேலை மணந்ததற்காக ஏற்கெனவே ஒருமுறை ஊர் வாயில் விழுந்தவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாட்டியம் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறினார். அடுத்த மாதமே கலாக்ஷேத்ரா பிறந்தது. கௌரி அம்மாள் இவருக்கும் கற்றுக்கொடுத்தார். ஒரே ஆசிரியைக்கு பாலாவும் மாணவி, ருக்மிணி தேவியும் மாணவி!

ருக்மிணி தேவி உடையை மாற்றினார், மேடை அமைப்பை மாற்றினார், பக்கவாத்தியக்காரர்களை ஓரத்தில் உட்கார வைத்தார். சிருங்காரம் அதிகம் தெரியும் பதங்களை ஒதுக்கினார். அவர் முன்னிறுத்தியது பக்தியை. இதன் விளைவு பெரிது. 'நம்ம வீட்டுப் பெண்ணும் ஆடலாம்' என்ற தைரியம் நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தது. அவர் அன்று எடுத்தது சிறிய ரிஸ்க் இல்லை, சொந்த சமூகத்திலேயே கடும் எதிர்ப்பு இருந்தது.

ஆனால் அதே வேகத்தில், தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த வீட்டுப் பெண்கள் மேடையை விட்டு இறங்கினார்கள். சிலர் சினிமாவுக்குப் போனார்கள். பலர் கல்யாணம் செய்துகொண்டு தாங்கள் ஆடிய விஷயத்தையே பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்தார்கள். இறங்காமல் நின்ற மிகச் சிலரில் பாலா ஒருவர்.

16 வயதில் கல்கத்தா

அவரது இளமைக் காலத்துக்கு வருவோம். 1934ல், 16 வயதில், கல்கத்தாவில் ஆடினார். தமிழ்நாட்டுப் பாரம்பரிய ஆட்டம் தென்னிந்தியாவுக்கு வெளியே ஒரு பெரிய மேடையில் அறிமுகமானது அப்போதுதான். அந்தக் காலத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்து வியந்தவர்களில் உதய் சங்கரும் ஒருவர். கல்கத்தாவில் பள்ளி மாணவனாக அவர் ஆட்டத்தைப் பார்த்த இன்னொருவர் சத்யஜித் ராய். பார்த்ததை மறக்கவில்லை. படமெடுக்கும் வாய்ப்பு அமைய 40 ஆண்டுகள் ஆனது.

1930களின் பிற்பகுதியில் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் அடிக்கடி வலம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கோடு போட்ட பைஜாமா, கையில் சிகரெட், குறும்புப் பார்வையோடு இரண்டு இளம்பெண்கள். ஒருவர் பாலசரஸ்வதி. இன்னொருவர் எம்.எஸ். சுப்புலட்சுமி! இருவரும் நெருங்கிய தோழிகள், இருவருமே கலைஞர்களான தாய்மார்களின் வழியில் வந்தவர்கள். வீட்டுக்குத் தெரியாமல் விளையாட்டாக எடுத்துக்கொண்ட படம் என்கிறார்கள். பின்னாளில் காஞ்சிப் பட்டும் குங்குமமுமாக நாடு பார்த்த எம்.எஸ்.ஸை நினைத்தபடி அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வராமல் போகாது.

1947: ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

பாலாவின் வாழ்க்கைத் துணையாக இருந்தவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். கோவையைச் சேர்ந்த இவர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். 1936ல் தொடங்கிய உறவு இது. 1943ல் மகள் லட்சுமி பிறந்தார். சம்பிரதாயத் திருமணம் கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது.

1947 நவம்பர் 26ஆம் தேதி சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அதே 1947ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு காலத்தில், தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

இந்தச் சட்டம் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்தது என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை. பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணுக்கு முறைப்படி திருமணம் செய்துகொள்ளும் உரிமை உண்டு என்று தெளிவாக்கியது. அது மிக முக்கியமான பகுதி. இன்னொரு பிரிவும் இருந்தது. கோயில் வளாகத்திலோ, சுவாமி ஊர்வலத்திலோ, கோயில் விழாவிலோ பெண் ஆடுவதே சட்டவிரோதம் என்றது அந்தப் பிரிவு.

யோசித்துப் பாருங்கள். ஏழு வயதில் கோயிலில் அரங்கேறிய ஒருவர், 29 வயதில் அதே மாதிரி ஒரு கோயிலில் ஆடினால் குற்றம். சபா மேடையில் டிக்கெட் போட்டு ஆடினால் கலை.

பாலா பொட்டுக் கட்டப்பட்டவர் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் ஒட்டிய முத்திரை அவர் மேலும் ஒட்டியது. திருத்தணி முருகன் மீது அவருக்குப் பெரும் பக்தி. கோயிலில் ஆட முடியாத அந்தக் காலத்தில், கோயில் ஆட்களிடம் கெஞ்சிக் கேட்டு, பார்வையாளர்கள் யாரும் இல்லாமல் திருத்தணி சந்நிதியில் தனியாக ஆடினார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு.

இருண்ட பத்து ஆண்டுகள்

1940கள் அவருக்கு மோசமான காலம். குரு கந்தப்பப் பிள்ளை வட இந்தியாவில் உதய் சங்கரின் அல்மோரா மையத்தில் கற்பிக்கப் போனவர், 1941ல் காலமானார். பாட்டி தனம்மாள் அதற்கு முன்பே 1938ல் போய்விட்டார். உடல் நலம் கெட்டது, இதயத்தில் கோளாறு. நாட்டிய உலகில் புதிய முகங்கள், புதிய உடைகள், புதிய ரசனை. 1953ல் சண்முகம் செட்டியாரும் மறைந்தார்.

கைதூக்கி விட்டவர்கள் சிலர். சமஸ்கிருத அறிஞர் டாக்டர் வி. ராகவன் அவர்களில் முக்கியமானவர். 1953ல் மியூசிக் அகாடமி ஆதரவில் பாலாவுக்காக ஒரு நாட்டியப் பள்ளி தொடங்கப்பட்டது. கந்தப்பப் பிள்ளையின் மகன் கணேசன் நட்டுவாங்கம் செய்தார். 1955ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1957ல் பத்மபூஷண். மறுபடி மேடை.

அப்படி என்ன ஸ்பெஷல் அவர் ஆட்டத்தில்?

நல்ல கேள்வி. பாலாவின் ஆட்டத்தில் கண்ணைப் பறிக்கும் தாவல்கள் கிடையாது. சுழற்சிகள் கிடையாது. மேடை அலங்காரம் கிடையாது. நடுவயதில் உடம்பும் கனத்துவிட்டது. அப்படியிருந்தும் அவர் பதம் ஆட ஆரம்பித்தால் அரங்கம் அசையாது.

காரணம் இரண்டு. முதலாவது, அவர் பாடுவார். ஆடும்போதே பாடுவார். தனம்மாள் வீட்டுப் பாட்டு அது. அம்மா ஜெயம்மாள் பக்கத்தில் இருந்து பாட, இவர் அதில் சேர்ந்துகொள்வார். பாட்டின் ஒவ்வொரு கமகமும் கையிலும் கண்ணிலும் தெரியும். ஒலிநாடா போட்டு ஆடும் இந்தக் காலத்தில் இதைக் கற்பனை செய்வதே சற்றுக் கஷ்டம்.

இரண்டாவது, கற்பனை. அபிநயத்தில் ஒரே வரியைப் பத்து, இருபது முறை பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஆடுபவர் அதற்குப் புதுப் பொருள் காட்ட வேண்டும். 'வா' என்று ஒரு சொல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா குழந்தையைக் கூப்பிடும் வா, தோழியிடம் கோபித்துக்கொண்டு சொல்லும் வா, வரமாட்டான் என்று தெரிந்தே சொல்லும் வா, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்காமல் கண்ணால் மட்டும் சொல்லும் வா. எல்லாம் வேறு வேறு. மற்றவர்கள் இதை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வருவார்கள். பாலா மேடையிலேயே, அந்த நிமிஷத்தில், உருவாக்குவார். நேற்று ஆடியது இன்று வராது. கன்னடத்தில் அமைந்த 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' அவருக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது இப்படித்தான். ராய் படத்தின் கடற்கரைக் காட்சியில் அவர் ஆடுவதும் அதுதான். அந்த நீளமான காட்சி முழுக்க யசோதையும் கண்ணனும் மட்டும்தான், அலங்காரம் எதுவும் இல்லை.

சிருங்காரம் தப்பா?

பாலாவுக்கும் புதிய நாட்டிய உலகத்துக்கும் இடையே இருந்த பெரிய கருத்து வேறுபாடு இதில்தான். காதல் பதங்களை ஒதுக்கி நாட்டியத்தைத் 'தூய்மைப்படுத்த' வேண்டும் என்ற பேச்சை அவர் ஏற்கவே இல்லை. க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களில் நாயகி தன் காதலனிடம் ஊடுவாள், திட்டுவாள், ஏங்குவாள். காதலன் யார்? முருகனாகவோ கண்ணனாகவோ இருக்கலாம், ஓர் அரசனாகவும் இருக்கலாம். இதில் அழுக்கு எங்கே இருக்கிறது, கழுவுவதற்கு என்பதே பாலாவின் வாதத்தின் சாரம். நாட்டியத்தில் எல்லா உணர்வுகளுக்கும் மேலே நிற்பது சிருங்காரம், அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உடற்பயிற்சி மாதிரி ஆகிவிடும் என்பது அவர் நிலைப்பாடு.

1975ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் அவர் ஓர் அழகான ஒப்புமை சொன்னார். நாட்டியக் கச்சேரியின் வரிசையே ஒரு கோயில் என்றார். அலாரிப்பு கோபுரம். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தம் மண்டபம். அடுத்து வரும் வர்ணத்தில் தெய்வத்தின் சந்நிதிக்கு வந்துவிடுகிறோம். பதம் ஆடும்போது கருவறையின் குளிர்ச்சியும் அமைதியும். கடைசியில் வரும் தில்லானா, கற்பூர ஆரத்தியின்போது எழும் மணியோசையும் பரபரப்பும்.

கோயிலில் ஆடக் கூடாது என்று சட்டம் போடப்பட்ட ஒருவர் இப்படிச் சொன்னார் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இதன் கனம் தெரியும். கோயில் அவர் கச்சேரிக்குள்ளேயே இருந்தது. இந்த ஒப்புமையை இன்று நாட்டியப் பள்ளிகள் பலவற்றில் சொல்லிக்கொடுக்கிறார்கள், பல நேரம் சொன்னவர் பெயர் இல்லாமல்.

ருக்மிணி தேவியை வில்லியாகவும் பாலாவைத் தியாகியாகவும் காட்டும் பதிவுகள் சமூக ஊடகங்களில் நிறைய. அது அவ்வளவு எளிதான கதை இல்லை. ருக்மிணி தேவி நட்டுவனார்களுக்கு வேலை கொடுத்தார், கௌரி அம்மாள் போன்றவர்களை அழைத்துக் கற்பிக்க வைத்தார். ஆனால் நட்டுவனார் குடும்ப ஆண்கள் குருவாகத் தொடர வழி இருந்த அளவுக்கு, அந்தக் குடும்பப் பெண்கள் ஆடத் தொடர வழி இருக்கவில்லை. இதையும் மறுக்க முடியாது.

டோக்கியோ முதல் எடின்பரோ வரை

1961ல் டோக்கியோவில் நடந்த கிழக்கு மேற்கு இசைச் சந்திப்பில் பாலா ஆடினார். வெளிநாட்டவர்களுக்கு இந்த ஆட்டம் புரியுமா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. 1962ல் அமெரிக்கா. அங்குள்ள புகழ்பெற்ற ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவில் ஆடினார். கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1963ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழா.

தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவிலேயே ஆசிரியர்களாகப் பணியாற்றினார்கள். தனம்மாள் வீட்டு இசை வெஸ்லியன் வகுப்பறைகளில் பல பத்தாண்டுகள் ஒலித்தது. ஜார்ஜ் டவுன் வீட்டில் தரையில் உட்கார்ந்து கேட்ட பாட்டு அது.

அமெரிக்க மாணவர்கள் அவரிடம் வந்து குவிந்தார்கள். சென்னையில்? டாக்டர் ராகவனின் மகள்கள் பிரியம்வதா, நந்தினி ரமணி போன்ற சிலர் முறையாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நாட்டியம் கற்கும் பெண்கள் நூற்றுக்கணக்கில் பெருகிய நகரத்தில், பாலாவிடம் வந்தவர்கள் குறைவு. மூன்று வருஷத்தில் அரங்கேற்றம் என்ற அவசரத்துக்கு அவர் ஒத்துவர மாட்டார் என்பது ஒரு காரணம். முதலில் பாட்டு வரவேண்டும் என்பார்.

அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. 1973ல் மியூசிக் அகாடமி அவருக்கு 'சங்கீத கலாநிதி' கொடுத்தது. இசைக்கலைஞர்களுக்கு மட்டுமே தரப்படும் அந்தப் பட்டத்தைப் பெற்ற ஒரே நாட்டியக் கலைஞர் அவர்தான். 1977ல் பத்மவிபூஷண்.

இன்று கோயில்களில் ஆடுகிறார்களே?

ஆமாம். சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அதைப் பார்த்து மற்ற ஊர்க் கோயில்களிலும் தொடங்கினார்கள். நாடு முழுவதும் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் வந்து ஆடுகிறார்கள். யாரும் யாரையும் தடுப்பதில்லை, ஆடுபவர்களை யாரும் கேவலமாகப் பேசுவதும் இல்லை.

ஆனால் அந்த மேடைகளில் ஏறுபவர்களில், முன்பு அதே கோயில்களில் ஆடிய குடும்பங்களின் பெண்கள் எத்தனை பேர்? இசை வேளாளர் சமூகத்தில் இருந்து வந்த இளம் கலைஞர்கள் சிலர் இந்தக் கேள்வியை இப்போது வெளிப்படையாக எழுப்புகிறார்கள். 'எங்கள் பாட்டிகளின் வர்ணத்தையும் பதத்தையும் எடுத்துக்கொண்டீர்கள், பாட்டிகளைப் பற்றிப் பேச ஏன் வெட்கப்படுகிறீர்கள்' என்பதே அவர்கள் கேட்பது. பொட்டுக்கட்டும் முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. விவாதங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது வாடிக்கையாகிவிட்டது.

கௌரி அம்மாளின் கடைசிக் காலம் இந்தக் கேள்விக்கு ஒரு சாட்சி. இரண்டு பெரும் கலைஞர்களுக்கு அபிநயம் சொல்லிக்கொடுத்தவர், முதுமையில் வறுமையோடு போராடி 1971ல் மறைந்தார்.

பிறகு என்ன ஆச்சு?

பாலசரஸ்வதி 1984 பிப்ரவரி 9ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 65. மகள் லட்சுமி, தாய் இருந்த காலத்தில் தாமதமாகத்தான் மேடைக்கு வந்தார், பிறகு தாயின் பாணியை விடாமல் ஆடியும் கற்பித்தும் வந்தார். 2001ல் அவரும் மறைந்தார். லட்சுமியின் கணவர் டக்ளஸ் நைட் அமெரிக்கர், மிருதங்கம் வாசிப்பவர். மாமியாரின் வாழ்க்கையை விரிவாக எழுதி 2010ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

ராய் எடுத்த படத்தைப் பற்றி ஒரு குறை உண்டு. பாலாவின் உச்சம் 1930களிலும் 60களிலும். அப்போது யாரும் முழுமையாகப் படம் பிடிக்கவில்லை. கேமரா வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது கடந்துவிட்டது. 17 வயதில் எடுக்காமல் போனோமே என்ற ஏக்கம் ராய்க்கே இருந்தது. இருந்தாலும், 'இந்த வயதிலேயே இப்படி என்றால்' என்று பார்ப்பவரை நினைக்க வைக்க அந்த அரை மணி நேரம் போதுமானதாக இருக்கிறது.

பாப்பம்மாளில் தொடங்கி லட்சுமி வரை எட்டுத் தலைமுறையாக இந்த வீட்டின் வித்தை பெண்கள் வழியாகவே வந்தது. ஒன்பதாவது தலைமுறையில் அதே பதங்களையும் வர்ணங்களையும் ஆடுபவர் லட்சுமியின் மகன் அனிருத்தா நைட்.